கொழும்பில் வெளியிடத்தில் சின்னக் கலியாணம்: மழையை எப்படிக் கணக்குப் போடுறது?

பம்பலப்பிட்டி_நிலா

வணக்கம். எலோப்மென்ட் என்று இணையத்தில் படம் போடுறார்களே, அந்த மாதிரி ஒரு கலியாணத்துக்குத் திட்டம் போடுறம். (ஓடிப்போறது இல்லை! இரண்டு வீட்டாரும் வருவினம். மொத்தம் 14 பேர், அவ்வளவுதான்.) மண்டபமே வேண்டாம் என்ற முடிவில் இருக்கிறம்.

எழுத்து (விவாகப் பதிவு), மாலை மாற்று, தாலி கட்டு எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. குத்துவிளக்கும் நிறைகுடமும் உண்டு. இடம் இரண்டு யோசனையில் இருக்கு: கல்கிசைக் கடற்கரையில் ஒரு ஹோட்டலுக்கு முன்னால், இல்லாட்டி கோட்டே பக்கம் சொந்தக்காரரின் தோட்டம். பின்னேரம், சூரியன் இறங்கும் நேரம்தான் வேணும். திகதி ஏப்ரல் கடைசி அல்லது தை மாதம்.

மழை வந்தால் என்ன செய்யிறது என்று கேட்டால் எல்லாரும் "ஒரு ஹட் (நாலு காலில் நிற்கிற துணிக் கூரைப் பந்தல்) அடியுங்கோ" என்றுதான் சொல்லீனம். அது காணுமா? எந்த நாள், எந்த நேரம், எத்தனை மணிக்குக் கடைசி முடிவு எடுக்கிறது என்று விளக்கமாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் எழுதுங்கோ.

---

சோளகம்

ஏப்ரல் கடைசியை இப்பவே வெட்டி விடுங்கோ. பின்னேரம் வேணும் என்றால் அந்த மாதம் உங்களுக்கு இல்லை.

கொழும்பில் ஜனவரி மாதச் சராசரி மழை அண்ணளவாக 60 மி.மீ., பெப்ரவரி 70. ஏப்ரலில் அது 250 பக்கம் ஏறும். மே, ஒக்டோபர், நவம்பர் மூன்றும் 350ஐத் தாண்டும். ஆனால் மாதக் கணக்கை விட முக்கியம், எந்த நேரத்தில் பெய்யும் என்பது. அதைத்தான் ஆட்கள் பார்க்கிறதில்லை.

மார்ச்–ஏப்ரலும் ஒக்டோபர்–நவம்பரும் இடைப் பருவப்பெயர்ச்சிக் காலம், அதாவது இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் வருவது. விடிய வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். வெயில் நிலத்தைச் சுடச் சுட, பத்து பதினொரு மணிபோலக் கடற்காற்று உள்ளே நுழையும். அது உள்நாட்டுச் சூட்டுக் காற்றோடு முட்டி மேலெழும்பி, மத்தியானத்துக்குப் பிறகு இடிமுகில் கட்டும். உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து அடித்தால் அந்த முகில் அப்படியே கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். வளிமண்டலவியல் திணைக்கள அறிக்கையில் "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துச் சலித்திருப்பீங்கள். அந்த ஒரு வசனத்துக்குள்ளேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கு. 5 மணிக் கலியாணம் என்றால் நேரே அதன் வாய்க்குள் தலையைக் கொடுக்கிறீங்கள். ஏப்ரல்தான் வேணும் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றால் விடிய 7 மணிக்குத் தொடங்கி 9.30க்குள் முடியுங்கோ.

மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. அந்த மழைக்கு நேரம் காலம் கிடையாது. கடல் பக்கமிருந்து காற்றோடு வரும், இருபது நிமிசம் அடித்து ஊற்றும், விடும், திரும்ப வரும். கல்கிசையில் அலையும் அப்போதுதான் உயரம், நிற்கிற மணலே ஒடுங்கிப் போகும். எங்கட கரையில் வற்றுப் பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆகவே வற்று நேர அட்டவணையைப் பார்த்து ஏமாறாதேங்கோ. பார்க்க வேண்டியது அலை உயரம். அந்த மாதங்களில் கடற்கரைக் கலியாணம் வேணும் என்றால் நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோ போங்கோ. அங்கே அது காய்ந்த காலம். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று மட்டும் பூமாலையைப் பிய்க்கும்.

ஆக, தை. மார்கழியில் கலியாணம் வைக்காத எங்கட வழக்கமும் கொழும்பின் காய்ந்த காலமும் இவ்வளவு வடிவாகப் பொருந்துவது ஒரு அதிர்ஷ்டம். ஆனால் தை பிறந்த கையோடு வைக்க வேண்டாம். ஜனவரி நடுப்பகுதி வரை வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால் மேற்கிலும் இரண்டு மூன்று நாள் மப்பும் மந்தாரமுமாகக் கிடக்கும். ஜனவரி கடைசி வாரம் தொடக்கம் பெப்ரவரி கடைசி வரை பாருங்கோ. அதற்குள் பெப்ரவரி 4 சுதந்திர தினம் வரும். அணிவகுப்பு ஒத்திகைக்குக் காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கம் பக்க வீதிகளை முதலே மூடத் தொடங்குவார்கள். நவம் (பெப்ரவரிப்) பௌர்ணமியை ஒட்டிக் கங்காராம விகாரைப் பெரஹெரா ஊர்வலம் என்றால் கொம்பனித்தெருப் பக்கமும் அடைபடும். 14 பேர் என்றாலும் அவர்கள் நேரத்துக்கு வந்து சேர வேணும்தானே.

கிழமையையும் பாருங்கோ. ஞாயிறு இராகுகாலம் பின்னேரம் 4.30 முதல் 6 வரை, நீங்கள் கேட்கிற நேரத்தை அப்படியே விழுங்கும். சனிக்கிழமை அது காலை 9 முதல் 10.30. பின்னேரக் கலியாணத்துக்குச் சனி வசதி.

---

எழுத்துமேசை

வானிலையைச் சோளகம் சொல்லிவிட்டார். எழுத்துப் பக்கத்தில் மழை எப்படி உதைக்கும் என்று நான் சொல்லுறன், இதை ஒருத்தரும் முன்கூட்டி யோசிக்கிறதில்லை.

பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி சாதாரண வழி இது: விவாக அறிவித்தல் கொடுக்க முன் அந்தப் பதிவாளரின் பிரிவில் குறைந்தது 10 நாள் வசித்திருக்க வேணும். அறிவித்தல் பதிந்து 12 நாள் கழிந்த பிறகுதான் பதிவாளர் சான்றிதழ் தருவார். அந்த அறிவித்தல் 3 மாதத்துக்குச் செல்லும். உங்களுக்கு வேண்டிய பிடி இந்த 3 மாதம்தான். ஜனவரி முதல் வாரம் அறிவித்தல் கொடுத்தால் ஜனவரி கடைசி தொடக்கம் மார்ச் கடைசி வரை எந்த நாளும் கையில் இருக்கு. மழையால் ஒரு சனி போனால் அடுத்த சனி. திகதி ஒத்திப்போனதற்காகக் கடதாசி வேலையைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

நேரம்: சாதாரண முறையில் விவாகம் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் நடக்க வேணும். பெப்ரவரியில் சூரியன் மறைவதோ 6.20 அளவில். அதனால் "சூரியன் கடலைத் தொடும்போது கையெழுத்து" என்ற படம் சாதாரண முறைக்கு ஒத்துவராது. 5 மணிக்குக் கையெழுத்தை முடித்துவிட்டு, தாலியையோ மாலையையோ சூரியனுக்கு விடுங்கோ. (கதவு திறந்திருக்க வேணும் என்றும் சட்டத்தில் இருக்கு. கடற்கரையில் அந்தக் கவலை இல்லை.) சாட்சிகள் குறைந்தது இரண்டு பேர், அடையாள அட்டை கையில்.

இடம்: பதிவாளரின் அலுவலகத்துக்கு வெளியே என்றால் அதற்கு விசேட அனுமதி எடுக்க வேணும், இடத்தையும் குறிப்பிட வேணும். சிக்கல் இங்கேதான் தொடங்குது. கல்கிசைக் கடற்கரை என்று எழுதி வைத்துவிட்டு, மழைக்குப் பயந்து அன்று மத்தியானம் பம்பலப்பிட்டி வீட்டுக்கு மாறினால், அது வேறு பிரதேச செயலகப் பிரிவு. பதிவாளருக்கு அவருடைய பிரிவுதான். மாற்று இடம் அதே பிரிவுக்குள், முடிந்தால் அதே வளவுக்குள் இருக்க வேணும். விண்ணப்பம் கொடுக்கும்போதே "மழை வந்தால் இதே ஹோட்டலின் உள் அறை" என்று பதிவாளரிடம் வாய்விட்டுச் சொல்லி, அதை எப்படி எழுதுவது என்று கேளுங்கோ.

பதிவுப் புத்தகத்தைப் பற்றி ஒரு சின்ன விசயம். அது கடதாசி, மையால் எழுதுவது. ஒரு துளி பட்டாலும் பரவும். தூறல் இல்லாவிட்டாலும் கையெழுத்து மேசை கூரைக்குக் கீழே, காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டி இருக்கட்டும். கடற்காற்றில் பக்கம் புரளும், நாலு கிளிப் வாங்கி வையுங்கோ. பேனை இரண்டு.

என் அபிப்பிராயம் கேட்டால்: எழுத்தைக் கலியாணத்துக்கு முந்தின வாரமே பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கோ. வெளியில் நடப்பது தாலியும் மாலையும் மட்டும் என்றால் 6 மணி வரம்பும் இல்லை, இட அனுமதியும் இல்லை, பதிவாளரின் அடுத்த வேலை என்ன என்ற பதற்றமும் இல்லை. மழை வந்தால் இரண்டு மணித்தியாலம் சும்மா காத்திருக்கலாம்.

---

பந்தல்_கொட்டாஞ்சேனை

"ஒரு ஹட் அடியுங்கோ" என்று சொல்லுறவைக்குக் காற்றைத் தெரியாது. மழையை ஹட் தாங்கும். விழுத்துறது காற்று.

கணக்கு இதுதான். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றரை ஏறக்குறைய 6 கிலோ பாரத்தோடு தள்ளும். 10க்கு 10 அடி ஹட்டின் கூரை 9 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் மேல், ஆக 55 கிலோ அளவில் இழுவை. காற்று இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு. கால் ஒன்றுக்கு ஒரு 10 கிலோ மண்மூட்டை வீதம் நாலு போட்டுவிட்டு "பாரம் வைச்சாச்சு" என்று போறவை மொத்தம் 40 கிலோதான் வைச்சிருக்கினம். கால் ஒன்றுக்குக் குறைந்தது 20, கடற்கரையில் 25 கிலோ வேணும். 20 லீற்றர் தண்ணீர்க் கான் சரியாக 20 கிலோ. கானைக் காலுக்குப் பக்கத்தில் வைத்தால் வேலையில்லை. கூரைச் சட்டத்தின் மூலையிலிருந்து கயிறு இறக்கி, கான் நிலத்தில் முட்டி நிற்கும் அளவில் இறுக்கிக் கட்ட வேணும். அப்போதுதான் பாரம் கூரையைப் பிடிக்கும்.

மணலில் ஆப்பு நிற்காது. ஒரு அடி ஆப்பை கையாலேயே உருவலாம். அரிசிச் சாக்கில் பாதிக்கு மணல் நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, இரண்டு அடி ஆழத்தில் படுக்கப் போட்டு மூடி மிதியுங்கோ. கயிறு நிலத்திலிருந்து 45 பாகையில் கூரை மூலைக்குப் போகட்டும். கயிற்றில் வெள்ளைத் துணி கட்டாவிட்டால் ஆச்சிமார் தடக்கி விழுவினம்.

பக்கச் சீலையைப் பற்றி: மழை சாய்ந்து அடிக்கும்போது எல்லாரும் நாலு பக்கமும் இறக்கச் சொல்லுவினம். நாலும் இறக்கினால் அது கப்பல் பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். காற்று வரும் பக்கத்தை மட்டும் இறக்கி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கோ. காற்று ஹட்டையே தூக்கும் அளவுக்கு வந்தால் சீலையைக் கழற்றி, ஆட்களை வெளியே எடுத்து, கால்களைப் பாதிக்கு இறக்குங்கோ. ஹட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க எவரையும் விடாதேங்கோ.

கூரையில் தண்ணி தேங்குறது அடுத்தது. ஒரு சதுர மீற்றர் அளவில் பள்ளம் விழுந்து 5 சென்ரிமீற்றர் தண்ணி நின்றால் அது 50 கிலோ. துணி தளர்ந்தாலே இது நடக்கும். கட்டி முடிந்ததும் ஒரு பக்க இரண்டு கால்களை ஒரு படி இறக்கி விட்டால் தண்ணி ஒரு பக்கமாக ஓடும். அந்தப் பக்கம் ஆட்கள் நடக்கிற வழியாக இருக்கக் கூடாது.

14 பேருக்கு ஒரு 10க்கு 10 காணாது, சாரலில் விளிம்பு இரண்டு அடி நனையும். இரண்டு ஹட் ஒட்டி வைத்தால் நடுவில் மூட்டு வழியே அருவி மாதிரி ஊற்றும். தாலி கட்டுற இடத்தை நடுவில் வைக்க வேணும் என்று சரியாக அந்த மூட்டுக்குக் கீழே கதிரையைப் போடுறது எல்லா இடத்திலும் நடக்கிற பிழை. 10க்கு 20 ஒற்றைக் கூரை கிடைத்தால் அதை எடுங்கோ. இல்லாவிட்டால் மூட்டில் தறப்பாளை பீலி மாதிரி மடித்துக் கட்டி, ஒரு பக்கம் சரித்து விடுங்கோ.

கோட்டேத் தோட்டம் என்றால் முதல் நாள் பின்னேரம் புல்லில் குதிக்கால் ஊன்றி நின்று பாருங்கோ. பள்ளத்தில் தண்ணி ஊறினால் பிளாஸ்ரிக் கதிரைக் கால் அப்படியே இறங்கும். தும்புப் பாயை இரண்டு படையாக விரித்து, கதிரை வைக்கும் இடத்தில் மட்டும் பலகை போட்டால் போதும். மின்சாரம் எடுத்தால் இணைப்புகள் நிலத்தில் கிடக்கக் கூடாது, மேசைக் காலில் ஒரு அடி உயரத்தில் கட்டுங்கோ. ட்ரிப் சுவிட்ச் இல்லாத பிளக்கிலிருந்து வயர் இழுக்கவே வேண்டாம். ஒலிபெருக்கி போட்டால் பொலிஸ் அனுமதி. 14 பேருக்கு அது என்னத்துக்கு?

---

பம்பலப்பிட்டி_நிலா

எல்லாருக்கும் நன்றி. தை கடைசி – மாசி என்று முடிவெடுக்கிறம். அறிவித்தல் 3 மாதம் செல்லும் என்றது பெரிய நிம்மதி. எழுத்தை முதலே முடிக்கிற யோசனையும் அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு.

சோளகம் அண்ணா, அன்றைய நாள் எப்படி முடிவெடுக்கிறது? செயலியில் "40 வீதம் மழை" என்று காட்டினால் என்ன செய்யிறது? ஹோட்டல்காரர் விடியவே "உள்ளுக்கா வெளியிலா" என்று கேட்பினம் என்று நினைக்கிறன்.

---

சோளகம்

40 வீதம் என்றால் அந்த இடத்தில், அந்த நேரத்துக்குள் மழை விழும் வாய்ப்பு பத்துக்கு நாலு. நாளில் 40 வீத நேரம் பெய்யும் என்று பொருள் இல்லை, கொழும்பில் 40 வீத இடம் நனையும் என்றும் இல்லை. ஒரு மி.மீ. தூறலும் 40, வெள்ளம் போட்ட மழையும் 40. ஆகவே வீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மி.மீ. கணக்கையும் மணித்தியால வரிசையையும் சேர்த்துப் பாருங்கோ.

பத்து நாளுக்கு முன்னால் செயலி காட்டுவதைத் திறக்கவே வேண்டாம், வீண் நித்திரை கெடும். ஐந்து நாளில் ஒரே ஒரு கேள்வி: விரிகுடாவில் தாழமுக்கம் ஏதாவது உண்டா? அதைத் திணைக்கள அறிக்கையில் பாருங்கோ. இருந்தால் அடுத்த சனிக்கு மாற்றுற கதையை அன்றே தொடங்குங்கோ. இரண்டு நாள் இருக்கும்போது விண்டி செயலியில் ஈசிஎம்டபிள்யூஎஃப், ஜிஎஃப்எஸ் என்ற இரண்டு வானிலைக் கணிப்பு மாதிரிகளையும் மாற்றி மாற்றிப் பாருங்கோ. இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒன்று வெயிலும் மற்றது வெள்ளமும் காட்டினால், உள் அறையைத் தயாராக வைக்கச் சொல்லுற நேரம் அது. நல்ல மாதிரியே நிலத்தை 9 கிலோமீற்றர் அளவுக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும். ஒரு இடிமுகில் கல்கிசையை நனைத்துவிட்டு வெள்ளவத்தையைத் தொடாமல் போகும். அதை எந்த மாதிரியும் முதல் நாள் சொல்லாது.

அன்றைக்கு 5 மணிக் கலியாணம் என்று வைப்பம். மத்தியானம் 12 மணியிலிருந்து செயலியின் மழை எண்ணை விட்டுவிட்டுச் செய்மதிப் படத்துக்கு மாறுங்கோ. ஹிமாவரி செய்மதி 10 நிமிசத்துக்கு ஒருக்கால் படம் எடுக்கும், விண்டியிலும் செய்மதிப் படம் பார்க்கலாம். கடைசி ஒரு மணித்தியாலத்தை ஓட விட்டு, அவிசாவளை – ரத்தினபுரிப் பக்கம் வெள்ளைப் பூக்கோவா மாதிரி ஏதும் விரிகிறதா, விரிந்தால் எந்தப் பக்கம் நகருது என்று பாருங்கோ. கடலைப் பார்த்துக்கொண்டு "வானம் தெளிவு" என்று சொல்லுறதுதான் கொழும்பில் பெரிய ஏமாற்று. தை மாசியில் வருகிற பின்னேர மழை முதுகுப் பக்கமிருந்து, நிலத்திலிருந்து வரும். கிழக்கே திரும்பிப் பாருங்கோ.

ஹோட்டலிடம் விடிய முடிவு சொல்ல ஒப்புக்கொள்ளாதேங்கோ. 3.30க்குச் சொல்லுவம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கோ. 14 கதிரையையும் ஒரு மேசையையும் உள்ளே எடுக்க இரண்டு பேருக்கு இருபது நிமிசம் காணும். இருநூறு பேர்க் கலியாணத்துக்குத்தான் விடிய முடிவு வேணும், உங்களுக்கு இல்லை. ஆட்கள் குறைவு என்ற ஒரே வசதி அதுதான், அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

3.30க்கு மேல் ஒரு விதி மட்டும்: இடி. மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் முழக்கம் கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள். எல்லாரும் கட்டடத்துக்குள் போக வேணும். கடைசி முழக்கத்திலிருந்து 30 நிமிசம் கழியும் வரை திரும்ப வெளியே வரக் கூடாது. ஹட் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை, இரும்புக் கால் வேறு. தென்னையடியும் இல்லை. கட்டடம், இல்லாட்டி கண்ணாடி மூடிய வாகனம். வெறும் மழையோடு பேரம் பேசலாம், இடியோடு இல்லை.

---

லென்ஸ்_தம்பி

படப் பக்கத்திலிருந்து. ஜனவரி கடைசியில் சூரியன் மறைவது 6.20 அளவில், நேர் மேற்கில் இல்லை, ஏறக்குறைய 18–20 பாகை தெற்கே, கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம். கல்கிசையில் தெற்குப் பக்க மேட்டுக்கு ஒட்டி நின்றால் சூரியன் அதற்குப் பின்னால் போய் ஒளிக்கும். வடக்கே நூறு மீற்றர் தள்ளி நின்று, ஒரு கிழமைக்கு முன்னால் அதே நேரத்தில் பாருங்கோ. மறைந்த பிறகு நல்ல வெளிச்சம் இருபது நிமிசம்தான், எங்கட பக்கம் இருட்டு சட்டென்று விழும்.

கமராவைக் குளிரூட்டிய வாகனத்திலிருந்தோ அறையிலிருந்தோ நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் பூத்துப் போகும், இருபது முப்பது நிமிசத்துக்குப் படமே இல்லை. துடைத்தால் திரும்பப் பூக்கும். பையை மூடியபடி குளிரூட்டாத இடத்தில் அரை மணித்தியாலம் முன்னதாக வைக்கச் சொல்லுங்கோ. மழை வந்து உள்ளே ஓடி, திரும்ப வெளியே வரும்போதும் இதேதான். அதனால் உள் அறையில் ஏசியை நிறுத்தி மின்விசிறியைப் போடச் சொல்லுங்கோ.

குடை எட்டு, வெள்ளை அல்லது தெளிவான பிளாஸ்ரிக். புறக்கோட்டையில் எடுக்கலாம். சிவப்புக் குடை பிடித்தால் முகமெல்லாம் சிவப்பு, எந்த மென்பொருளிலும் சரிவராது. மழை படத்தில் தெரிய வேணும் என்றால் வெளிச்சம் மழைக்குப் பின்னால் இருக்க வேணும். முன்னால் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும்.

---

கூறை_அக்கா

தங்கச்சி, கூறைச் சேலையில் ஒரு துளி விழுந்தாலும் தேய்க்கக் கூடாது. உலர்ந்த பருத்தித் துணியை மேலே வைத்து அழுத்தி எடுங்கோ, பேந்து மின்விசிறிக் காற்றில் காய விடுங்கோ. தேய்த்தால் பட்டின் மினுக்கம் போய் வட்டம் விழும். சிவப்புக் கூறை என்றால் கரையிலிருந்து சாயம் இறங்குதா என்று முதலே உள்பக்க மூலையை ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கோ. மணலில் நடக்கையில் கொய்யகத்தை நாலு விரல் உயர்த்திக் கட்டுங்கோ, படத்தில் தெரியாது, ஈரம் ஏறாது.

மாலை: மல்லிகை நனைந்தால் பாரம் கூடி நார் இழுபட்டு அறும். உள்ளே பருத்தி நூல் இல்லாமல் நைலோன் நூலில் கோர்க்கச் சொல்லுங்கோ, தடித்த மாலை வேண்டாம். பெட்டியில் ஈரத் துணி போட்டு மூடாதேங்கோ, பழுத்து மண்ணிறமாகும். வாழையிலையில் சுற்றி நிழலில் வையுங்கோ.

குத்துவிளக்குக் கடற்காற்றில் நிற்காது. ஐந்து திரியும் அணையும், அணைஞ்சால் பெரியாக்கள் முகம் சுருங்கும், அதுதான் பிரச்சினை. திரியைத் தடிப்பாக முறுக்கி, காற்று படாத பக்க முகம் ஒன்றை மட்டும் ஏற்றி, மூன்று பக்கம் கண்ணாடி அடைத்த கூட்டுக்குள் வையுங்கோ. பக்கத்தில் ஒரு அரிக்கன் லாம்பு எரிந்துகொண்டிருந்தால் விளக்கு அணைஞ்சாலும் அதிலிருந்து ஏற்றலாம். நிறைகுடத்துக்குக் கீழே நெல்லைக் குவித்துக் கும்பத்தைக் கொஞ்சம் புதைத்தால் சாயாது. பட்டர் ஐசிங் கேக் வெளியில் வைக்காதேங்கோ, அரை மணித்தியாலத்தில் சரியும்.

---

பம்பலப்பிட்டி_நிலா

அக்கா, விளக்குக்கு மூன்று பக்கக் கண்ணாடிக் கூடு என்றது எனக்கு ஓடவே இல்லை. நன்றி!

கடைசிக் கேள்வி: கல்கிசையா கோட்டேயா? தோட்டத்துக்கும் வீட்டு விறாந்தைக்கும் பத்து அடிதான் இடைவெளி. ஹோட்டலில் மணலிலிருந்து உள் அறைக்குப் படியேறி நாலைந்து நிமிசம் நடக்க வேணும்.

---

பந்தல்_கொட்டாஞ்சேனை

பத்து அடி விறாந்தை இருந்தால் என்னத்துக்கு ஹட்? கோட்டே. ஹட் கூலியை மிச்சம் பிடித்துத் தும்புப் பாய்க்குக் குடுங்கோ. ஈரநிலம் பக்கத்தில் என்றால் 5 மணிக்கு மேல் நுளம்பு பிடுங்கும். நுளம்புச் சுருளைக் காற்று வரும் பக்கம் நாலு இடத்தில் 4 மணிக்கே கொளுத்தி வையுங்கோ.

---

சோளகம்

ஆச்சி அப்பா படியேற நாலைந்து நிமிசம் என்றால் மழையில் அது பத்து. நானும் கோட்டேதான். கடலும் சூரியனும் வேணும் என்றால் தாலி கட்டு முடிய, வானம் விட்டால், இரண்டு பேரும் லென்ஸ்_தம்பி மாதிரி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு கல்கிசைக்குப் போங்கோ. 4 மணிக்கே தாலியை முடித்தால் கோட்டேயிலிருந்து 4.45க்கு வெளிக்கிடலாம், சனிப் பின்னேர நெரிசலுக்கு ஒரு மணித்தியாலம் விட்டாலும் 6.20க்கு முன்னால் மணலில் நிற்பீங்கள். மழை பெய்தால் அந்தப் பயணம் மட்டும்தான் போகும், அதை அடுத்த நாளும் போகலாம்.